வெளி மைக் போட்டால் கேம்கார்டரில் சத்தம் ஏறவே மாட்டேன் என்கிறது – எங்கே தேடுவது?

#1 குரல்தேடி
வணக்கம். சிங்கப்பூரில் தமிழ்மொழி விழாவுக்கான பட்டிமன்ற ஒத்திகையைச் சமூக மன்ற அரங்கில் பதிவு செய்கிறோம். கேம்கார்டர் கைக்கு அடக்கமான வகை. 3.5 மி.மீ. மைக் துளை உண்டு, எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் உள்ள பெரிய மைக் துளை) கிடையாது. ஒலி அளவைக் கையால் மாற்றலாம். மைக் ஷூர் எஸ்எம்58, கடையில் ரெடிமேடாக விற்கும் எக்ஸ்எல்ஆர்–3.5 மி.மீ. கேபிள் வழியாக இணைப்பு. மைக் மேசை ஸ்டாண்டில், பேசுபவர் வாயிலிருந்து சுமார் 60 செ.மீ. தள்ளி.

கெயினை (ஒலியைப் பெருக்கும் அளவை) முழுக்க ஏற்றியும் மீட்டர் உச்சம் -40 டெசிபலைத் தாண்டவில்லை. ஹெட்ஃபோனில் கேட்டால் மெல்லிய குரலும் கூடவே இரைச்சலும். அதே கோப்பைக் கைப்பேசியின் ஸ்பீக்கரில் போட்டால் குரல் ஏறக்குறைய காணாமலே போகிறது. மைக் கெட்டுவிட்டதா, கேமராத் துளை கெட்டுவிட்டதா?

#2 ஒலித்தடம்
இரண்டும் கெட்டிருக்காது என்றே நினைக்கிறேன். கைப்பேசியில் குரல் காணாமல் போகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது முக்கியமான தடயம். அதற்கு வருவதற்கு முன் ஒரு நிமிட வேலை ஒன்று இருக்கிறது.

ரெக்கார்ட் போட்டுவிட்டு மைக்கின் கம்பி வலையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். அடுத்து கேமராவின் முன்பக்கம், உள் மைக் இருக்கும் இடத்தைச் சுரண்டுங்கள். எது மீட்டரைத் தூக்குகிறது? கேமராவைச் சுரண்டும்போது மீட்டர் துள்ளினால் வெளி மைக் பதிவாகவே இல்லை, தூரத்திலிருந்து உள் மைக்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் காரணம் பிளக் முழுதாக உட்காராததுதான். பிளக்கின் உறை தடிமனாக இருந்தாலோ, கேமராவுக்கு ரப்பர் உறை போட்டிருந்தாலோ, கடைசி ஒன்றிரண்டு மி.மீ. உள்ளே போகாது. ஜாக்கின் உள்ளே உள் மைக்கைத் துண்டிக்கும் சுவிட்ச் இருக்கும். அது திறக்காமல் நின்றுவிடும்.

மெனுவையும் பாருங்கள். சில சோனி ஹேண்டிகேம்களில் மைக் ரெஃபரன்ஸ் லெவல் என்று ஒன்று உண்டு: நார்மல், லோ. கச்சேரி எடுக்க லோ-வில் வைத்துவிட்டு அப்படியே மறந்துபோவது சகஜம்.

#3 குரல்தேடி
சுரண்டிப் பார்த்தேன். வெளி மைக்தான் பதிவாகிறது, கேமராவைத் தட்டினால் அசைவில்லை. மெனுவில் நார்மல்தான் இருக்கிறது.

#4 சாலிடர்_கம்பி
அப்படின்னா கேபிளைத்தான் பார்க்கணும். கைப்பேசியில குரல் மறையறதுக்கு ஒரே காரணம்தான் தோணுது: இடது, வலது ரெண்டும் எதிரெதிர் ஃபேஸ்ல பதிவாகுது.

எக்ஸ்எல்ஆர் மைக்ல பின் 1 எர்த். பின் 2லயும் 3லயும் ஒரே குரல்தான் வருது, ஆனா ஒண்ணு மேலே போனா இன்னொண்ணு கீழே போகும். அதுதான் பேலன்ஸ்டு. ரெடிமேட் கேபிள் பலதுல பின் 2ஐ டிப்லயும் (3.5 மி.மீ. பிளக்கோட நுனி), பின் 3ஐ ரிங்லயும் (நடு வளையம்) சேர்த்திருப்பாங்க. கேம்கார்டர் ஜாக்குக்கு டிப் இடது, ரிங் வலது. ஒரே குரல் இடதுல நேராவும் வலதுல தலைகீழாவும் பதிவாகும். ஹெட்ஃபோன்ல ரெண்டு காதுக்கும் தனித்தனியா போறதால கேட்கும், கொஞ்சம் தலைக்கு வெளியே எங்கேயோ இருக்கற மாதிரி இருக்கும். கைப்பேசியில ரெண்டையும் கூட்டி மோனோவா போட்டா ஒண்ணை ஒண்ணு அடிச்சிடும். அதுக்கு மேல, மைக் தர்ற மின்னழுத்தம் ரெண்டு பக்கமும் பாதி பாதியா பிரியறதால ஒவ்வொரு பக்கமும் கிட்டத்தட்ட 6 டெசிபல் குறைச்சல்.

மல்டிமீட்டரை கன்டினியூட்டி பீப்ல வைங்க. எக்ஸ்எல்ஆர் துளைகளுக்குப் பக்கத்துலயே 1, 2, 3னு பொடி எழுத்துல அச்சடிச்சிருக்கும், டார்ச் அடிச்சுப் பாருங்க. எந்தப் பின் எதோட பீப் அடிக்குதுன்னு எழுதுங்க.

#5 குரல்தேடி
1 – ஸ்லீவ் (பிளக்கின் அடிப்பகுதி)
2 – டிப்
3 – ரிங்
நீங்கள் சொன்னபடியேதான்.

#6 ஒலித்தடம்
கேபிள் பிடிபட்டுவிட்டது. ஆனால் அதை மாற்றினால் கிடைப்பது 6 டெசிபல்தான். -40 என்பது -34 ஆகும், அது போதாது. பெரிய இழப்பு தூரத்தில் இருக்கிறது.

எஸ்எம்58 வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பாடுவதற்காகச் செய்த டைனமிக் மைக். 94 டெசிபல் ஒலி அழுத்தத்துக்கு அது தருவது ஏறக்குறைய 1.85 மில்லிவோல்ட். சாதாரணப் பேச்சு அரை மீட்டர் தள்ளி சுமார் 66 டெசிபல். அங்கே மைக்கிலிருந்து வருவது 0.07 மில்லிவோல்ட். உங்கள் 60 செ.மீ.யில் இன்னும் குறைவு. கேம்கார்டரின் உள்ளே இருக்கும் சின்ன முன்பெருக்கி இவ்வளவு சிறிய சிக்னலுக்காகச் செய்யப்பட்டதல்ல. முழு கெயினில் நீங்கள் கேட்கும் இரைச்சல் அந்தப் பெருக்கியுடையது.

தூரம் பாதியானால் 6 டெசிபல் கூடும். 60 செ.மீ.யை 30 ஆக்கினால் 6, 15 ஆக்கினால் 12, ஏழெட்டு செ.மீ.க்கு வந்தால் 18. காசு செலவில்லாமல், இரைச்சல் கூடாமல் கிடைக்கும் லாபம் இது ஒன்றுதான். எதிரொலி நிறைந்த அரங்கில் குரல் தெளிவாகவும் ஆகும்.

கண்டென்சர் வகையோடு (ஓடுவதற்கு மின்சாரம் தேவைப்படும் மைக்) ஒப்பிட்டுப் பாருங்கள்: ரோட் என்டிஜி2 அதே 94 டெசிபலுக்கு சுமார் 15.8 மில்லிவோல்ட் தருகிறது. எட்டரை மடங்கு, அதாவது 18 டெசிபலுக்கும் மேலே. உள்ளே ஒரு ஏஏ பேட்டரி போட்டால் ஓடும் என்பதால் ஃபேன்டம் (எக்ஸ்எல்ஆர் கேபிள் வழியே மைக்குக்குப் போகும் மின்சாரம்) இல்லாத கேமராவுக்கும் சரி.

#7 தேக்கா_எடிட்டர்
ஃபெட்ஹெட், கிளவுட்லிஃப்டர் மாதிரி இடையில் செருகும் பூஸ்டர் வாங்கினால் 25 டெசிபல் கிடைக்கும் என்கிறார்களே, அதுவே போதாதா?

#8 ஒலித்தடம்
அவை இரண்டுமே ஓடுவதற்கு 48 வோல்ட் ஃபேன்டம் வேண்டும். 3.5 மி.மீ. துளையில் வருவது பிளக்-இன் பவர், 2 முதல் 5 வோல்ட் வரைதான். அந்தக் கேமராவில் பூஸ்டரைச் செருகினால் சத்தம் கூடாது, வராமலே போகலாம். எக்ஸ்எல்ஆர் உள்ள பெரிய கேமராவுக்கு நல்ல பொருள். இவருக்கு வீண் செலவு.

#9 சாலிடர்_கம்பி
குரல்தேடி சார், கேபிளை நீங்களே மாத்திடலாம். சிம் லிம் டவர்ல எல்லாம் கிடைக்கும் (சிம் லிம் ஸ்குவேர் இல்ல, ஜாலான் புசார்ல இருக்கற டவர்). வேண்டியது: எக்ஸ்எல்ஆர் பெண் கனெக்டர் ஒண்ணு, நியூட்ரிக் என்சி3எஃப்எக்ஸ்எக்ஸ் நல்லா உழைக்கும். ஒல்லி உறை உள்ள 3.5 மி.மீ. ஸ்டீரியோ பிளக் ஒண்ணு. ரெண்டு கம்பியும் ஷீல்டும் உள்ள மைக் கேபிள் 3 மீட்டர். 10 மைக்ரோஃபாரட் 16 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர் ஒண்ணு.

இணைப்பு இப்படி: பின் 2லேர்ந்து வர்ற கம்பி கப்பாசிட்டர் வழியா போய் டிப், ரிங் ரெண்டையும் சேர்த்துத் தொடணும். கப்பாசிட்டரோட பிளஸ் கால் கேமரா பக்கம் இருக்கணும், ஏன்னா பிளக்-இன் பவர் வோல்ட் அங்கேயிருந்துதான் வருது. பின் 1, பின் 3 ரெண்டும் ஸ்லீவ்ல. பின் 3ஐ 1ஓட சேர்க்கறதை எக்ஸ்எல்ஆர் முனையிலேயே சின்னத் துண்டுக் கம்பி போட்டு முடிச்சுடாதீங்க. அதுக்குத் தனிக் கம்பி ஓட்டி 3.5 மி.மீ. முனையில சேர்த்தா இரைச்சல் கம்மி.

பின் 3ஐச் சும்மா விட்டுடக்கூடாது. எஸ்எம்58குள்ள டிரான்ஸ்ஃபார்மர் இருக்கு, அதோட ரெண்டு முனையும் சுத்துல சேர்ந்தாத்தான் மின்னோட்டம் ஓடும். 3 தொங்கிக்கிட்டு இருந்தா தகர டப்பாவுக்குள்ள பேசற மாதிரி ஒல்லியா, பேஸ் சுத்தமா இல்லாம வரும். அப்படி ஒரு சத்தம் கேட்டாலே 3 விட்டுப்போச்சுன்னு எழுதிக்கலாம்.

கப்பாசிட்டர் எதுக்குன்னா, கேமரா அனுப்பற டிசி மைக்கோட டிரான்ஸ்ஃபார்மர்ல ஓடாம தடுக்க. மைக் உடனே செத்துடாது, ஆனா சத்தம் கலங்கும். பிளக்கை எடுக்கறப்ப வர்ற பெரிய 'டப்' சத்தமும் குறையும்.

#10 சாலிடர்_கம்பி
ஒண்ணு விட்டுட்டேன். 3.5 மி.மீ. பிளக்குக்குள்ள இடம் ரொம்பக் கம்மி. கப்பாசிட்டரை அங்கே திணிக்காதீங்க, எக்ஸ்எல்ஆர் உறைக்குள்ள படுக்க வச்சு, கால் ரெண்டுக்கும் சுருங்கு குழாய் போடுங்க. டிப்பையும் ரிங்கையும் சேர்க்க, ரிங் காலை லேசா வளைச்சு டிப் கால் மேல படுக்க வச்சு ஒரே சொட்டு ஈயம். இரும்பை ரெண்டு செகண்டுக்கு மேல வைக்காதீங்க. உள்ளே இருக்கற பிளாஸ்டிக் வளையம் உருகி, அடுத்த தடவை செருகறப்ப ரிங் ஆடும். மூடறதுக்கு முன்னாடி மறுபடி பீப்: டிப்–ரிங் அடிக்கணும், டிப்–ஸ்லீவ் அடிக்கக்கூடாது.

#11 பந்தல்_கேமரா
இழையைப் படிக்கிற மற்றவர்களுக்காக, எக்ஸ்எல்ஆர் உள்ள கேமராக்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அங்கே குற்றவாளி பெரும்பாலும் ஒரு சுவிட்ச். கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒவ்வொரு இன்புட்டுக்கும் லைன், மைக், மைக்+48 என்று மூன்று நிலை. மைக்கைச் செருகிவிட்டு சுவிட்ச் லைனில் நின்றால் கேமரா ஒரு வோல்ட் அளவுக்குக் காத்திருக்கும், வருவதோ மில்லிவோல்ட். மீட்டரின் அடியில் ஒரு கோடு துடிக்கும், அவ்வளவுதான். பையில் வைக்கும்போதே அந்தச் சுவிட்ச் உரசி நகர்ந்துவிடும். காஃபர் டேப் ஒட்டி வையுங்கள்.

சென்ஹைசர் எம்கேஎச் 416 மாதிரி 48 வோல்ட் இருந்தால்தான் ஓடும் மைக்கை வெறும் 'மைக்' நிலையில் போட்டாலும் ஒன்றும் வராது.

மெனுவில் இன்னொரு அடுக்கு உண்டு. சில கேமராக்களில் டிரிம் என்று +12, +6, 0, -6 என்று இருக்கும், சிலவற்றில் மைக் லெவல் -40, -50, -60 என்று. பின்னதில் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். -60 என்றால் "மிகச் சிறிய சிக்னல் வரப்போகிறது, அதிகம் பெருக்கு" என்று பொருள். டைனமிக் மைக்குக்கு -60, கண்டென்சருக்கு -50 அல்லது -40.

சேனலையும் பாருங்கள். சேனல் 1க்கு இன்புட் 1 என்று இருந்து, சேனல் 2 உள் மைக்கில் நின்றால், பாதி வெளி மைக், பாதி அரங்கத்து எதிரொலி.

#12 மிக்ஸர்மேசை
ஆட்டோ லெவல் (கேமராவே ஒலி அளவை ஏற்றி இறக்குவது) பற்றி யாரும் பேசவில்லையே. கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரம், தவில் இருக்கும்போது ஆட்டோ லெவல் போட்டால் தவிலின் ஒவ்வொரு அடிக்கும் கேமரா கெயினைக் கீழே அழுத்திவிடும். மேளம் நின்று ஐயர் மந்திரம் சொல்லத் தொடங்கினாலும் கெயின் மெதுவாகத்தான் மேலே வரும். அந்தச் சில நொடிகளின் குரல் போய்விடுகிறது. "மைக்கில் சத்தம் கம்மி" என்று வருகிற புகார்களில் ஒரு பகுதி உண்மையில் இதுதான். கெட்டிமேளம் முழங்கும்போது உச்சம் -6ஐத் தொடும்படி கையால் வைத்துவிட்டு, குரலுக்குத் தனி காலர் மைக்கை இன்னொரு சேனலில் எடுப்பதே சரி. ஒரே சேனலில் இரண்டுக்கும் சரியான அளவு என்று ஒன்று கிடையாது.

#13 தேக்கா_எடிட்டர்
அரங்கத்து மிக்ஸரிலிருந்தே நேராக லைன் எடுத்தால் இந்தத் தொல்லை இல்லையே?

#14 மிக்ஸர்மேசை
எடுக்கலாம், நல்ல வழி. ஆனால் அளவு பொருந்தாது. மிக்ஸரின் லைன் அவுட் +4 டிபியு என்றால் 1.23 வோல்ட், ஆர்சிஏ துளை -10 டிபிவி என்றால் சுமார் 0.32 வோல்ட். 3.5 மி.மீ. மைக் துளைக்கு இது பல நூறு மடங்கு அதிகம். கேமராவின் முதல் பெருக்கியே வெட்டிவிடும். அப்புறம் மெனுவில் எவ்வளவு குறைத்தாலும் சிதைந்த சத்தம்தான், அளவு மட்டும் சிறியதாக இருக்கும். மீட்டர் -20 காட்டுகிறது, குரல் கரகரக்கிறது என்றால் இதுதான் நிலைமை.

நடுவில் 40 டெசிபல் பேட் (சிக்னலைக் குறைக்கும் சிறு சுற்று) வேண்டும். 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் சிக்னலில் தொடராக, அதற்குப் பின் 100 ஓம் சிக்னலுக்கும் எர்த்துக்கும் குறுக்கே. நூறில் ஒரு பங்காகக் குறையும்.

ஒலி அமைப்பாளரிடம் கேட்கும்போது "ஆக்ஸ் சென்ட், ப்ரீ-ஃபேடர்" என்று கேளுங்கள், அதாவது ஃபேடரை (மிக்ஸரின் ஒலி அளவுத் தள்ளியை) அசைத்தாலும் மாறாத தனி வெளியீடு. மெயின் அவுட் கேட்டால், அவர் அரங்கத்துக்காக ஃபேடரை இறக்கும்போதெல்லாம் உங்கள் பதிவும் இறங்கும். மிக்ஸரில் வராதது பதிவிலும் வராது என்பதையும் நினைவில் வையுங்கள். தவிலுக்கு மைக்கே தேவைப்படாத சின்ன மண்டபத்தில் மிக்ஸர் லைனில் தவில் எங்கோ தூரத்தில் கேட்கும். கைதட்டலும் இருக்காது. அதனால் ஒரு சேனல் மிக்ஸர், ஒரு சேனல் அரங்க மைக்.

லைன் கொடுத்ததும் 'ம்ம்ம்' என்று 50 ஹெர்ட்ஸ் முனகல் வந்தால், கேமராவும் மிக்ஸரும் வேறு வேறு பிளக் பாயிண்டில் எர்த் ஆகியிருக்கின்றன. கேமராவை பேட்டரியில் ஓட்டுங்கள், அல்லது 1:1 ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் நடுவில் போடுங்கள். மூன்று முள் பிளக்கின் எர்த்தைத் துண்டிக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது உயிரோடு விளையாடுவது.

#15 பந்தல்_கேமரா
இன்னும் இரண்டு சின்ன விஷயம்.

கைப்பேசிக்கென்று விற்கிற காலர் மைக்கில் பிளக்கில் மூன்று கறுப்பு வளையம் இருக்கும், டிஆர்ஆர்எஸ். அதில் மைக் சிக்னல் ஸ்லீவில் வருகிறது. கேமராத் துளையில் ஸ்லீவ் எர்த். நேராகச் செருகினால் ஒன்றும் வராது, பிளக்கைப் பாதி இழுத்தால் மட்டும் ஏதோ கேட்கும். டிஆர்ஆர்எஸ்-இலிருந்து டிஆர்எஸ்-ஆக மாற்றும் அடாப்டர் வேண்டும், ரோட் எஸ்சி3 போல. எஸ்சி4 இதற்கு நேர்எதிர், மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

கேமரா மேலே பொருத்தும் மைக்கில் பின்னால் -10, 0, +20 என்று சுவிட்ச் இருந்தால் (ரோட் வீடியோமைக் புரோவில் உண்டு) +20இல் வைத்துவிட்டு கேமராவின் கெயினைக் குறையுங்கள். மைக்கின் பெருக்கி கேமராவினுடையதைவிடச் சுத்தமானது. பேட்டரி இறங்கினாலும் இதே மாதிரி மைக்கில் சத்தம் மெல்ல மெல்லத் தேய்ந்து கரகரக்கும். பதிவுக்கு முன் புது பேட்டரி.

#16 ஒலித்தடம்
நம் ஊர் ஈரப்பதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிளக்கின் மேல் மங்கிய படலம் படிந்தாலே தொடர்பு பலவீனமாகும். செருகிய பிளக்கை அரைச் சுற்று திருப்பும்போது சத்தம் கூடிக் குறைந்தால் அதுதான். ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் பிளக்கைத் துடைத்து, நாலைந்து முறை செருகி எடுங்கள். கண்டென்சர் மைக்கை கேமராவோடு டிரை கேபினட்டில் 40–50 சதவீத ஈரப்பதத்தில் வையுங்கள். குளிரூட்டிய அறையிலிருந்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்துக்குக் கொண்டுவந்தால், பையைத் திறக்காமல் கால் மணி நேரம் விட்டு எடுங்கள். மைக்கின் உள் சவ்வில் ஈரம் படிந்தால் பொரிகிற மாதிரிச் சத்தம் வரும்.

#17 குரல்தேடி
கேபிளை மாற்றிக் கட்டியாயிற்று. அதே குரல், அதே முழு கெயின். அளவுகள்:

60 செ.மீ., பழைய கேபிள்: -40
60 செ.மீ., புதுக் கேபிள்: -34
15 செ.மீ., புதுக் கேபிள்: -23
கையில் பிடித்து 7 செ.மீ.: -16

கைப்பேசியில் குரல் முழுதாகக் கேட்கிறது. ஆனால் -16 போதுமா? பட்டிமன்ற நடுவர் மைக்கைக் கையில் பிடிக்க மாட்டார், மேசையில்தான் வைக்க வேண்டும்.

#18 ஒலித்தடம்
அணிப் பேச்சாளர்களுக்கு -16 தாராளமாகப் போதும். பேச்சின் உச்சம் -12க்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. மேடையில் ஆவேசம் கூடும்போது நாலைந்து டெசிபல் தானாக ஏறிவிடும், அப்போது இடமும் இருக்கும்.

நடுவருக்கு எஸ்எம்58ஐக் கைவிடுங்கள். பேட்டரியில் ஓடும் கண்டென்சரை மேசையில் 30 செ.மீ.யில் வைத்தால் உங்கள் கணக்குப்படி -28உடன் 18 சேர்ந்து -10 வரும். அப்போது கெயினைக் கொஞ்சம் இறக்கலாம், இரைச்சலும் சேர்ந்து இறங்கும். மைக்கை நேரே வாய்க்கு எதிரில் வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில், வாயை நோக்கிச் சாய்த்து வையுங்கள். 'ப', 'ஃப' ஒலிகளின் காற்று நேராக அடிக்காது. மேசையில் மடித்த துண்டு ஒன்றைப் போட்டு அதன்மேல் ஸ்டாண்டை வையுங்கள். நடுவர் மேசையைத் தட்டும் பழக்கம் உள்ளவராக இருந்தால் இது கட்டாயம்.

#19 குரல்தேடி
ஏற்கெனவே -40இல் எடுத்த இரண்டு மணி நேர ஒத்திகையைக் காப்பாற்ற முடியுமா? பேச்சாளர்கள் தங்கள் தவறுகளைக் கேட்டுத் திருத்த வேண்டும்.

#20 தேக்கா_எடிட்டர்
கேட்டுத் திருத்த என்றால் முடியும், ஒளிபரப்புக்கு என்றால் முடியாது. 16 பிட் பதிவில் உச்சம் -40 என்றால் மேலே ஆறேழு பிட் வெறுமையாகப் போய்விட்டது. 24 டெசிபல் ஏற்றினால் இரைச்சலும் அதே 24 ஏறும்.

அடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் செய்வது இப்படி. முதலில் ஸ்டீரியோ டிராக்கின் மெனுவில் 'ஸ்பிளிட் ஸ்டீரியோ டு மோனோ'. இரண்டில் ஒன்றை அழித்துவிடுங்கள், எது தெளிவோ அதை வைத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் மோனோவாகக் கலந்தால் குரல் அழிந்தே போகும், எதிர் ஃபேஸ் பதிவு அல்லவா. அடுத்து யாரும் பேசாத இரண்டு நொடியைத் தேர்ந்தெடுத்து 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' போய் புரொஃபைல் எடுங்கள். பிறகு முழு டிராக்குக்கும் 9 டெசிபல் மட்டும் குறையுங்கள். 20, 25 என்று போட்டால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும், ழகரமும் லகரமும் பிரித்தறிய முடியாது. பேச்சுப் பயிற்சிக்கு அதுதானே முக்கியம். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஹை-பாஸ் வடிகட்டி, ஏசியின் உறுமல் போகும். கடைசியில்தான் சத்தத்தை ஏற்ற வேண்டும், லிமிட்டர் (உச்சத்தைத் தாண்டாமல் தடுப்பது) -1இல்.

யூடியூபில் போடப்போகிறீர்கள் என்றால், சத்தம் மிகுந்ததை அது -14 எல்யுஎஃப்எஸ் (சராசரி சத்தத்தின் அலகு) அளவுக்குக் குறைக்கும். சத்தம் குறைந்ததைப் பொதுவாக ஏற்றித் தராது. ஏற்றிவிட்டே பதிவேற்றுங்கள்.

#21 சாலிடர்_கம்பி
பழைய கேபிளைத் தூக்கிப் போட்டுடாதீங்க சார். முனையில சிவப்பு டேப் சுத்தி "2 டிப், 3 ரிங்"னு எழுதி வைங்க. பேலன்ஸ்டு மோனோ இன்புட் இருக்கற ரெக்கார்டருக்கோ மிக்ஸருக்கோ அது சரியான கேபிள்தான். அவசரத்துல கேமராப் பைக்குள்ள போயிடாம இருந்தா போதும்.

#22 குரல்தேடி
டேப் சுற்றியாயிற்று. ஒத்திகைப் பதிவில் வலது பக்கத்தை அழித்து 9 டெசிபல் இரைச்சல் குறைத்துப் பார்த்தேன். நடுவரின் தீர்ப்புரை வரிக்கு வரி புரிகிறது. அடுத்த ஒத்திகைக்கு அவர் மேசையில் கண்டென்சர், பேச்சாளர்கள் கையில் எஸ்எம்58. கேமராவில் மைக் துளை ஒன்றுதான் என்பதால் இரண்டையும் சின்ன மிக்ஸரில் சேர்த்து, மிக்ஸர்மேசை சொன்ன 10 கிலோ ஓம், 100 ஓம் பேட் வழியாகக் கொடுக்கப் போகிறேன். அளவுகளை இங்கேயே போடுகிறேன்.